எழுதியது உண்மை என்றால் போதுமா?

2002 ஜூனில் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து அவதூறுக் குற்றத்தை நீக்கியது. அவதூறு என்ற பெயரில் ஓர் ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழி அத்தோடு அடைபட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு முந்திய காலம் எப்படி இருந்தது என்பதற்கு சண்டே டைம்ஸ் வழக்கு சாட்சி. 1995 பெப்ரவரி 19ஆம் திகதி அந்தப் பத்திரிகையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பற்றி ஒரு கிசுகிசுப் பத்தி வெளிவந்தது. அதற்காக அதன் ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்கவை 1997இல் மேல் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. மேன்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. அந்தப் பத்தியைத் தான் எழுதவில்லை என்ற அவருடைய வாதம் எடுபடவில்லை. இன்று அவதூறுக்குச் சிறை இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் தொடரப்படும் நட்டஈட்டு வழக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சாகும் பத்திரிகையைத் திருகோணமலையில் ஒருவர் வாங்கிப் படித்தால், அந்த எழுத்து அங்கேயும் வெளியிடப்பட்டதாகிறது. ஆகவே அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலும் வழக்கு வைக்கலாம். அந்த வழக்கில் பத்திரிகையின் கதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது தாக்கல் செய்யும் விடை. வழக்கு விசாரணைகளைப் பற்றி நிறைய எழுதுகிறோம். இந்த ஒரு பத்திரத்தைப் பற்றி அநேகமாக எழுதுவதேயில்லை.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 75ஆம் பிரிவின்படி, முறைப்பாட்டில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் எதிராளி ஏற்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். தன் எதிர்வாதத்துக்கு ஆதாரமாக வைக்கப்போகும் நிகழ்வுகளையும் சட்ட நிலைகளையும் வழக்கின் சூழ்நிலைகளையும் சுருக்கமாகவும் தெளிவாகவும் விபரமாகவும் எடுத்துரைக்க வேண்டும். அவதூறு வழக்கில் இது சாதாரண சுமை அல்ல. நமது நாட்டில் அவதூறை ஆளும் உரோமன் டச்சுச் சட்டத்தில் உண்மை மட்டும் தனியே எதிர்வாதமாகாது; அந்த உண்மை வெளிவந்தது பொதுமக்களின் நன்மைக்கு உதவியது என்பதையும் பத்திரிகை காட்ட வேண்டும். நியாயமான விமர்சனம் என்று சொல்வதானால், எந்தத் தகவல்களின் மேல் அந்த விமர்சனம் எழுந்தது, அவை சரியானவையா என்று காட்ட வேண்டும். சிறப்புரிமை என்றால் எந்தச் சந்தர்ப்பம் அந்த உரிமையைத் தந்தது என்று சொல்ல வேண்டும். அவமதிக்கும் எண்ணம் இருக்கவில்லை என்றால் அதற்கும் அடிப்படை வேண்டும். ஏனென்றால் இழிவான எழுத்து வெளியானதும் அந்த எண்ணத்தைச் சட்டம் ஊகித்துக்கொள்கிறது, அந்த ஊகத்தை உடைக்கும் பாரம் பத்திரிகையின் தலையில் விழுகிறது. ‘பந்தி 3 முதல் 14 வரை மறுக்கப்படுகின்றன, செய்தி உண்மையானது, பொதுநலன் சார்ந்தது, நியாயமான விமர்சனம், எவரையும் இழிவுபடுத்தும் நோக்கமற்றது’ என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போகும் விடை இவற்றில் ஒன்றையும் உண்மையில் செய்வதில்லை. நான்கு கேடயங்களின் பெயரைச் சொல்கிறது. ஒன்றையும் கையில் எடுப்பதில்லை.

இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம் இதுதான். அச்சேறுவதற்கு முன் தனக்கு என்ன தெரிந்திருந்தது, அது எப்படித் தெரிந்தது, யாரிடம் கேட்டது, யார் பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்பதைப் பத்திரிகை விடையில் நுணுக்கமாக எழுத வேண்டும். இதில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் செய்தியின் இறுதி உண்மையைச் சாட்சி வைத்து நிறுவினால்தான் தப்பலாம் என்ற இடத்துக்குப் பத்திரிகையைத் தள்ளக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி, விபரமும் கேட்காமல் நிரூபணத்தை மட்டும் கேட்கும் வழக்கம், சாட்சிகள் நிலைக்காத ஊர்களில் பத்திரிகையை முடக்கும். அப்படி ஓர் ஊர் திருகோணமலை.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தாங்களே கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. சுடர் ஒளியின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலைப் பிணவறைக்குப் போய் உடல்களைப் படம் எடுத்தார். தலையில் பாய்ந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அந்தப் படங்களில் தெரிந்தன. படங்கள் பத்திரிகையில் வெளிவந்ததும் கைக்குண்டுக் கதை நிற்கவில்லை. பிரேத பரிசோதனையும் துப்பாக்கிச் சூட்டையே காட்டியது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகப் புறப்பட்ட சுகிர்தராஜன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 பேரை, பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் உட்பட, போதிய சான்று இல்லை என்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் ஊரை விட்டும் நாட்டை விட்டும் போய்விட்டிருந்தார்கள். அரசின் முழு விசாரணை இயந்திரமும் 13 ஆண்டுகளில் நிறுவ முடியாததை, ஒரு நட்டஈட்டு வழக்கில் ஒரு பிராந்தியப் பத்திரிகை நிறுவ வேண்டும் என்று கேட்பது நியாயமா என்பதை அந்தத் திகதிகளை வைத்தே யோசிக்க வேண்டும்.

அந்தப் படங்களுக்காக அவதூறு வழக்கு எதுவும் வரவில்லை, வந்தது துப்பாக்கி. ஆனாலும் ஒரு வழக்கு வந்திருந்தால் விடை எப்படி அமைந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது சட்டத்தை விளங்கிக்கொள்ள உதவும். படத்தோடு போகும் செய்தி இரண்டு விதமாக எழுதப்படலாம். காயங்கள் குண்டு வெடித்ததால் ஏற்பட்டவை அல்ல, சூட்டுக் காயங்கள், ஆகவே உத்தியோகபூர்வ விளக்கம் பொருந்தவில்லை என்பது ஒன்று. இன்ன படைப்பிரிவு, இன்ன அதிகாரி சுட்டார் என்பது மற்றது. முதலாவதை அந்தப் படமே நிறுவும். இரண்டாவதை அது நிறுவாது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1986இல் லூகாஸ்-பொக்ஸ் வழக்கிலிருந்து ஒரு விதியை வைத்திருக்கின்றன: செய்தி உண்மை என்று வாதாடும் பத்திரிகை, எந்தப் பொருளில் அது உண்மை என்று தன் விடையிலேயே சொல்ல வேண்டும். வழக்காளி ‘என்னைக் கொலையாளி என்று எழுதினார்கள்’ என்கிறார். பத்திரிகை ‘நாங்கள் எழுதியது, உங்கள் அறிக்கை பொய்யாக இருந்தது என்பதுதான், அந்தப் பொருளில் அது உண்மை’ என்கிறது. வழக்கு அதன்பின் சரியான கேள்வியைச் சுற்றி நடக்கும். இதைச் செய்யாத விடை, வழக்காளி செய்திக்குக் கொடுத்த மிகக் கடுமையான பொருளை மௌனமாக ஏற்றுக்கொண்டு, அதையே நிறுவக் கிளம்புகிறது. இலங்கையில் இந்த விதி கட்டாயமில்லை. ஆனால் 75ஆம் பிரிவு கேட்கும் விபரத்துக்குள் இது இயல்பாகவே அடங்கும். நமது சட்டத்தரணிகள் இதை எழுதுவதற்குத் தடை எதுவும் இல்லை.

உண்மை என்ற எதிர்வாதத்தை எடுப்பவர் அதன் விபரங்களையும் கூடவே வைக்க வேண்டும் என்பது பழைய விதி. 1893இல் ட்ரூத் என்ற லண்டன் வார இதழின் உரிமையாளர் ஹென்றி லபுஷேருக்கு எதிரான வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. பொதுவாகக் குற்றம் சாட்டி எழுதிவிட்டு, வழக்கு வந்தபின் எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கிளறி ஆதாரம் தேட அனுமதி இல்லை. முதலில் உன்னிடம் இருக்கும் விபரத்தை வை என்றது. இந்த விதி பத்திரிகைக்கு எதிரானது போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சிட்ட நாளில் கையில் ஒன்றுமில்லாதவர் மட்டுமே இதற்கு அஞ்ச வேண்டும். ஆனால் இதோடு சட்டம் நின்றுவிட்டால் பத்திரிகை முழுதாகக் காப்பாற்றப்படுவதில்லை. நேர்மையாக விசாரித்து எழுதியும், நீதிமன்றத்தில் நிறுவ முடியாமல் போகும் செய்திகள் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு வாசல் வேண்டும்.

அந்த வாசலைத் திறந்த வழக்குகளில் நமக்கு மிக நெருக்கமானது தென்னாபிரிக்காவில் நடந்தது. ஏனென்றால் அங்கும் ஆள்வது உரோமன் டச்சுச் சட்டம். சிற்றி பிரஸ் பத்திரிகைக்கு எதிராக போகோஷி என்ற சட்டத்தரணி வழக்குத் தொடர்ந்தார். பத்திரிகையின் எதிர்வாதப் பத்திரத்தில் இருந்த ஒரு வாதம் சட்டத்தில் நிற்குமா என்பதே மேல்நிலைக்குப் போன கேள்வி. சாட்சி விசாரணைக்கு முன்னரே, எழுத்து வாதத்தின் மட்டத்திலேயே எழுந்த கேள்வி. அதுவரை அங்கே ஊடகங்களுக்குக் கடும் பொறுப்பு: தெரியாமல் பொய்யை வெளியிட்டாலும் தப்ப முடியாது. 1998 செப்டெம்பரில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. செய்தி பொய்யாக இருந்தாலும், எல்லாச் சூழ்நிலைகளையும் பார்க்கும்போது அந்த வேளையில் அந்த விதத்தில் வெளியிட்டது நியாயமானதாக இருந்தால் பொறுப்பு இல்லை. அந்த நியாயத்தை நிறுவும் பாரம் பத்திரிகைக்கே என்றது. தமிழ்நாட்டில் இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1994 ஒக்டோபரில், நக்கீரன் ஆசிரியர் ஆர். ராஜகோபால் தொடர்ந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதையொத்த நிலைப்பாட்டை எடுத்திருந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிய வழக்கு அது. அரசு ஊழியர்களின் கடமை சார்ந்த நடத்தையைப் பற்றி எழுதும்போது, தகவல்களை நியாயமான அளவுக்குச் சரிபார்த்தபின் எழுதியதாகப் பத்திரிகை நிறுவினால் போதும், எழுதியது உண்மை என்று நிறுவத் தேவையில்லை என்று அந்தத் தீர்ப்பு கூறியது. 1999இல் லண்டனில் ரெனோல்ட்ஸ் வழக்கும் ஏறத்தாழ அதே திசையில் போனது. இலங்கையின் சொந்த மரபிலும் வித்து உண்டு. லஞ்ச ஆணைக்குழுவின் அறிக்கையிலிருந்து சிலோன் டெய்லி நியூஸ் வெளியிட்ட பகுதிகளுக்காகத் தொடரப்பட்ட பெரேரா எதிர் பீரிஸ் வழக்கில், 1948இல் கோமறைக் கழகம் பத்திரிகையின் பக்கம் தீர்த்தது. அந்த அறிக்கை மக்களுக்குத் தெரிய வேண்டியது என்ற பொதுநலனே அதற்குக் காரணம். உரோமன் டச்சுச் சட்டத்தில் அவமதிக்கும் எண்ணம் இல்லாமல் பொறுப்பு இல்லை என்ற அடிப்படையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், நியாயமான வெளியீடு என்ற வாதத்தை நமது நீதிமன்றங்கள் ஏற்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அப்படியானால் விடையில் என்ன எழுதுவது? கற்பனையாக ஒரு செய்தியை எடுப்போம். கிண்ணியாவுக்கு அருகே மகாவலி ஆற்றில் ஒரு ஒப்பந்தகாரர் அனுமதிப்பத்திரத்தின் எல்லையைத் தாண்டி மணல் அள்ளுகிறார், ஓர் அதிகாரி கண்டும் காணாமல் இருக்கிறார் என்று ஒரு பத்திரிகை எழுதுகிறது. அதிகாரி வழக்கு வைக்கிறார். ‘செய்தி உண்மையானது’ என்ற ஒரு வரிக்குப் பதிலாக விடை இப்படிப் போக வேண்டும்: இன்ன திகதியில் எமது செய்தியாளர் ஆற்றங்கரைக்கு நேரில் சென்றார், உழவு இயந்திரங்கள் மணல் ஏற்றியதை இன்ன இடத்திலிருந்து படமெடுத்தார், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் வழங்கிய அனுமதிப்பத்திரத்தின் பிரதியைப் பார்த்தார், அதில் குறிக்கப்பட்ட எல்லை இது, கரையோரத்தில் வசிக்கும் மூவருடன் தனித்தனியே பேசினார், வழக்காளியை அவரது அலுவலகத் தொலைபேசியில் இன்ன நாள், இன்ன நேரம் அழைத்துக் கேட்டார், அவர் கருத்துக் கூற மறுத்தார், அந்த மறுப்பும் செய்தியின் நான்காம் பந்தியில் இருக்கிறது. அதன்பின் பொருளைப் பிரிக்க வேண்டும்: எல்லை மீறி மணல் அள்ளப்பட்டது என்பது உண்மையென நிறுவப்படும், அதிகாரி நடவடிக்கை எடுக்கவில்லை என்பதும் அவ்வாறே, அவர் வேண்டுமென்றே விட்டார் என்பது இந்தத் தகவல்களின் மேல் எழுந்த விமர்சனம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின், இப்படியான அனுமதிப்பத்திரங்களைச் சட்டப்படியே கேட்டுப் பெறலாம். அவற்றை விடையோடு இணைக்கலாம். இதை வாசிக்கும் நீதிபதிக்கு வழக்கின் உருவம் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். வழக்காளிக்கும் தெரியும், தான் வெல்ல முடியாத பகுதி எது என்று கண்டு அவர் பின்வாங்கவும் கூடும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, இது மூலங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பது. திருகோணமலையில் இந்த அச்சத்தை எவரும் இலேசாக எடுக்க முடியாது. ஆனால் விபரம் என்பது பெயர் என்று பொருள்படாது. ‘சம்பவத்தை நேரில் கண்ட, வழக்காளியோடு பகை எதுவும் இல்லாத, தனித்தனியே பேசிய மூவர்’ என்று எழுதுவதில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் நியாயமான சரிபார்ப்பு நடந்ததா என்று நீதிமன்றம் எடைபோடப் போதிய தகவல் இருக்கிறது. இங்கிலாந்தில் அவதூறு வழக்குகளின் முன்கட்டத்தில் பத்திரிகையின் மூலத்தை வெளியிடச் சொல்வதில்லை என்ற மரபு நெடுநாளாக உண்டு. நமது நீதிமன்றங்களும் அதைப் பின்பற்ற வேண்டும். பெயரை மறைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறுக்கவில்லை: மறைந்திருக்கும் மூலத்தை வைத்து உண்மையை நிறுவ முடியாது, நியாயமான வெளியீடு என்ற வாசல் மட்டுமே திறந்திருக்கும். அந்த இரண்டாவது வாசல் இல்லாத சட்டம்தான் மூலங்களை உண்மையில் ஆபத்தில் தள்ளுகிறது. ஏனென்றால் அங்கே பத்திரிகை தப்ப வேண்டுமானால் மூலத்தைக் கூண்டில் ஏற்றியே ஆக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு சட்டத்தரணிகளிடமிருந்து வருவது. கையில் இருப்பதையெல்லாம் ஏன் முன்கூட்டியே காட்ட வேண்டும்? எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள், வகுக்கப்பட்டபின் எழுத்து வாதங்கள் பின்னணிக்குப் போய்விடும் என்று உயர் நீதிமன்றமே ஹனாபி எதிர் நல்லம்மா வழக்கில் சொல்லியிருக்கிறதே. எழுவினாவில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்தத் தீர்ப்பு சரி. அதிலிருந்து இழுக்கும் முடிவு சரியில்லை. எழுவினா எங்கிருந்தோ முளைப்பதில்லை. சாட்சிகளின் பட்டியலும் ஆவணங்களின் பட்டியலும் விசாரணைக்கு முன்னதாகவே தாக்கல் செய்யப்பட வேண்டியவை. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு விசாரணைக்கு முந்திய அமர்வும் வந்துவிட்டது. விடையில் சரிபார்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத பத்திரிகை, ஆண்டுகள் கழித்து அதை ஓர் எழுவினாவாக எழுப்பும்போது, பின்னால் புனைந்த கதை என்ற ஐயம் இயல்பாகவே எழும். இன்னொன்றும் உண்டு. ஆதாரமில்லாமல் ‘செய்தி உண்மையே’ என்று விடையில் அடித்துச் சொல்வது, அதே பழியைத் திறந்த நீதிமன்றத்தில் மறுபடி சுமத்துவதாகும். தோற்றால் நட்டஈடு அதற்கேற்பக் கூடும்.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிகப் பெரியது. அது பழிக்கு ஆளானவரிடமிருந்து வருகிறது. நியாயமாக விசாரித்தோம் என்று சொல்லிப் பத்திரிகை தப்பிவிட்டால், பொய்யாகப் பழிக்கப்பட்டவன் எங்கே போவான்? போர்க்காலத்தின் திருகோணமலையில் ஒருவரைக் காட்டிக்கொடுப்பவர் என்றோ, ஏதோ ஒரு தரப்பின் ஆள் என்றோ அச்சில் குறிப்பது அவரது மானத்தைத் தாண்டி உயிரையே தொட்டது. தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் ஒரே துறைமுகத்தையும் ஒரே சந்தையையும் பகிரும் ஊரில், ஒரு பொய்யான வரி ஒரு கிராமத்தையே மற்றொன்றுக்கு எதிராக நிறுத்திவிடும். இந்த மறுப்பை மதித்தே நான் விபரத்தில் கண்டிப்பு வேண்டும் என்கிறேன். நியாயமான வெளியீடு என்பது ‘எமக்கு நல்லெண்ணம் இருந்தது’ என்ற உறுதிமொழி அல்ல. பழிக்கப்படுபவரிடம் கேட்டார்களா, அவர் சொன்னதை அதே செய்தியில் போட்டார்களா, பழி எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குத் தேடினார்களா, அவசரம் உண்மையான அவசரமா, தவறு தெரிந்தபின் அதே பக்கத்தில் திருத்தினார்களா என்ற கேள்விகளுக்குப் பந்தி பந்தியாகப் பதில் சொல்ல வேண்டிய பாரம் அது. ஒருவரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில்கூடக் கேட்காமல் அவரை உளவாளி என்று அச்சிட்ட பத்திரிகை அந்த வாசலில் நுழையவே முடியாது. அதன் விடையில் எழுத ஒன்றும் இருக்காது. விபரம் கேட்கும் சட்டமே பழிக்கப்பட்டவருக்கும் பாதுகாப்பு.

இதில் ஒரு நடைமுறைப் பிரச்சினை பாக்கி இருக்கிறது; அதைப் பத்திரிகை நிறுவனங்களே தீர்க்க வேண்டும். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ செய்தி அனுப்பும் பிரதேச நிருபர் மாதச் சம்பளக்காரர் அல்லர். பெரும்பாலும் பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு என்று பெறுபவர். வேறொரு தொழிலும் செய்வார். அவரது குறிப்புப் புத்தகமும் கைத்தொலைபேசியில் இருக்கும் படமும்தான் நாளை விடையின் அடித்தளம். அவதூறு வழக்கைத் தொடர இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு; வழக்கு நடப்பது அதைவிட நெடுங்காலம். அதற்குள் தொலைபேசி மாறும், புத்தகம் தொலையும், அவரே வெளிநாடு போயிருப்பார். சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்டபோது, மிக் விமானக் கொள்வனவு பற்றிய கட்டுரைகளுக்காகப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தாபய ராஜபக்ஷ தொடர்ந்த வழக்கு அந்தப் பத்திரிகைக்கு எதிராக நிலுவையில் இருந்தது. எழுதியவரின் தலைக்குள் இருந்ததெல்லாம் அவரோடு போயிற்று. ஆகவே செய்தி அச்சேறும் நாளிலேயே, எங்கே போனார், எதைப் பார்த்தார், யாரை எத்தனை மணிக்கு அழைத்தார் என்ற ஒரு பக்கக் குறிப்பை நிருபரிடமிருந்து வாங்கி, படத்தின் மூலப் பிரதியோடு ஆசிரியபீடம் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். அந்த வேலைக்கும் சேர்த்து நிருபருக்குப் பணம் கொடுக்க வேண்டும். வழக்கு வந்தால் அவரைத் தனி எதிராளியாக விட்டுவிடாமல், நிறுவனத்தின் சட்டத்தரணியே அவருக்காகவும் விடை தாக்கல் செய்ய வேண்டும். இவை செய்யப்படாத பத்திரிகைகளில், எவ்வளவு நல்ல சட்டம் வந்தாலும், விடை அந்த ஒற்றை மூச்சு வாக்கியமாகவே இருக்கும்.

அடுத்த வாரம் நட்டஈட்டுத் தொகை: கோடிக்கணக்கில் கேட்கப்படும் தொகைக்கும் நீதிமன்றங்கள் இறுதியில் கொடுக்கும் தொகைக்கும் இடையிலான தூரம், அந்தத் தூரமே எப்படி ஒரு மிரட்டலாகப் பயன்படுகிறது என்பது.